ஒரு கூரையின்கீழ்ப் பல குடித்தனம்

சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளைக் கண்டவர்க்கு மெய்நிகராக்கம் என்னும் கணினி நுட்பத்தை விளக்குதல் எளிது. கூரை ஒன்று, குடித்தனங்கள் பல. அவ்வாறே ஒரு கணினியின் நினைவகத்தையும் செயலியையும் மென்பொருளொன்று பகுத்தளிக்க, அதனுள் பல கணினிகள் தனித்தனியே இயங்குகின்றன. இம்முறை நேற்றுத் தோன்றியதன்று, 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் பெருங்கணினிகளில் இதனைக் கையாண்டனர்.

சோதனைக்கூடத்தில் இதனை அமைப்போர் பெரும்பாலும் மூன்று கணினிகளைத் திரளாக இணைப்பர். இரண்டே இருப்பின், இடையிலுள்ள இணைப்பு அறுபடும்போது ஒவ்வொன்றும் மற்றது மடிந்ததெனக் கருதித் தானே தலைமை ஏற்கும். ஒரே தரவில் இரண்டும் எழுத, தரவு சிதையும். மூன்றிருப்பின் பெரும்பான்மை எதுவெனத் துணிதல் கூடும். பின்னர், மறையாக்கம் செய்த இணைப்பின் வழியே வணிக மேகத்தில் வாடகைக்குப் பெற்ற கணினிகளையும் சேர்ப்பர். சொந்த வீடும் வாடகை வீடும் இணைந்த இவ்வமைப்பே கலப்பு மேகம். இறுதியில், வேண்டுமென்றே ஒரு கணினியின் மின்சாரத்தைத் துண்டித்து, அதில் இயங்கியவை மற்றவற்றில் மீண்டெழுகின்றனவா எனப் பார்ப்பர். சோதனைக்கூடத்தின் பயன் இதுவே.

எதனை வீட்டில் வைப்பது, எதனை வெளியே வைப்பது என்னும் வினா அரசுகளுக்கும் உண்டு. மந்தணம் குறைந்த தன் அமைப்புகளுள் பெரும்பாலானவற்றை ஐந்தாண்டுகளில் வணிக மேகத்திற்கு மாற்றும் திட்டத்தைச் சிங்கப்பூர் அரசு 2018ஆம் ஆண்டில் அறிவித்தது.

இவற்றால் தமிழுக்கு ஆவது யாது? 1995ஆம் ஆண்டிலேயே நா. கோவிந்தசாமி அவர்கள் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளரோடு இணைந்து தமிழை இணையத்தில் ஏற்றினார். 2015ஆம் ஆண்டில், நாட்டின் பொன்விழாவையொட்டிச் சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் மின்வடிவம் பெற்றன. எனினும், ஒருங்குறி வேரூன்றுமுன் தட்டெழுதப்பெற்றவை பலவும் தத்தமக்குரிய எழுத்துரு இன்றேல் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். கோப்பு அழியவில்லை, படிக்கும் வழியே அடைபட்டது. பழைய இயங்குதளத்தை மெய்நிகர் கணினியொன்றில் நிறுவி, உரிய எழுத்துருவும் கிட்டுமாயின், அவற்றைத் திறந்து படித்து ஒருங்குறிக்கு மாற்றலாம்.

ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர் நம் முன்னோர். அவர்கள் செய்தது காப்பு மட்டுமன்று. எழுதுவோன் ஒவ்வொரு வரியையும் படித்தான். மேகத்தில் ஒரு படி உள்ளது என்று அமைதியுறுவோர் அப்படிப்பைத் தவிர்த்துவிடுகின்றனர். மீட்டெடுத்துப் படித்துப் பார்த்த படியே உண்மையான காப்பு. பள்ளிப் பேழைகளில் பழைய வட்டுகளாக உறங்கும் ஆண்டுமலர்களையும் மாணவர் கட்டுரைகளையும் தமிழாசிரியர்கள் இன்றே எடுத்துத் திறந்து பார்ப்பார்களாக. அவற்றைத் திறக்கவல்ல நுட்பம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. வட்டுகளோ நாள்தோறும் முதுமையடைகின்றன.