பலாவா, சூக்கா, ஃபிஜியா?

பசிபிக் தீவு ஒன்றுக்கு ஸ்கூபா டைவிங் போகலாமா என்று நண்பர்கள் வட்டத்தில் பேச்சு. எல்லாத் தீவிலும் நீலக் கடல், தென்னை மரம். வித்தியாசமெல்லாம் தண்ணீருக்கு அடியில்தான்.

மென்பவளங்களின் நிறங்களுக்கு ஃபிஜி. தவேயுனி தீவருகே உள்ள ரெயின்போ ரீஃப் அதற்கே பேர்போனது. ராட்சதத் திருக்கைகளுக்கு யாப். மூழ்கிய கப்பல்களுக்கு சூக். 1944 பிப்ரவரியில் அமெரிக்க விமானங்கள் தாக்கி மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் அங்குள்ள காயலில் கிடக்கின்றன. பல கப்பல்கள் ஆழத்தில் இருப்பதால் அனுபவசாலிகளுக்கே சரிப்படும்.

என் ஓட்டு பலாவுக்கு. அங்கே ப்ளூ கார்னரில் நீரோட்டம் ஆளையே இழுக்கும். கயிற்றுக் கொக்கியைப் பாறையில் மாட்டிக்கொண்டு, மிதந்தபடியே சுறாக்களைப் பார்க்கலாம். 2009இல் தன் கடலைச் சுறா சரணாலயமாக அறிவித்த முதல் நாடு அது. தீவைக் காப்பேன் என்ற உறுதிமொழியை 2017 முதல் பாஸ்போர்ட்டிலேயே பதித்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். பவளத்துக்குக் கேடான சன்ஸ்கிரீனுக்கு 2020 முதல் தடை. கடலைக் காப்பாற்றுகிற ஊருக்கே நம் காசு போகட்டும்.

எந்தத் தீவானாலும் சரி, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விட்டு டிக்கெட் போடுங்கள். உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும்.