இரவு இரண்டு மணிக்கு யார்?

சபை வராந்தாவில் ஒட்டியிருந்த தாளில் 24 கட்டங்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எதிரே ஒரு பெயர். சங்கிலி ஜெபம். மாலை ஏழு மணிக்குப் பெயர் கொடுக்கப் பலர் இருப்பார்கள். இரவு இரண்டிலிருந்து மூன்று வரை யார் வருவார்? அன்று அந்தக் கட்டத்தில் முழங்கால் மடக்க முடியாத ஒரு பாட்டியின் பெயர் இருந்தது. இப்படி ஒரு அட்டவணையை முதலில் போட்டது யார் என்று நான் தேடத் தொடங்கியது அதைப் பார்த்த பிறகுதான்.

தேடல் முதலில் கான்ஸ்டான்டிநோபிளுக்கு இழுத்துப்போனது. 5ஆம் நூற்றாண்டில் அங்கே துறவிகள் முறைவைத்து இரவும் பகலும் துதி பாடினார்கள். ‘தூங்காதவர்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர். ஆனால் வராந்தாத் தாளில் இருந்தவர்கள் டீச்சர்களும் பீடி சுற்றுகிறவர்களும். குடும்பம் நடத்துகிறவர்களின் அட்டவணை வேறெங்கோ பிறந்திருக்க வேண்டும்.

பிறந்த இடம் ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் ஹெர்ன்ஹூட். மொராவியாவிலிருந்து விசுவாசத்துக்காக ஓடிவந்தவர்கள், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722இல் மரம் வெட்டிக் கட்டிய ஊர். ‘கர்த்தரின் காவல்’ என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். ஐந்தே ஆண்டுகளில் அந்த ஊர் சண்டையில் பிளந்து நின்றது. இரவும் பகலும் ஜெபிக்கும் வைராக்கியம் சமாதானத்தில் பிறந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். சண்டைபோட்டவர்கள் ஒப்புரவான இடத்தில் அது பிறந்திருக்கிறது. 1727 ஆகஸ்ட் 13 அன்று ஒரே திருவிருந்தில் அவர்கள் அழுது ஒன்றானார்கள். இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 27 அன்று, 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று ஜெபத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பலிபீடத்து அக்கினி அணையக் கூடாது என்ற லேவியராகமக் கட்டளைதான் அவர்கள் மனதில் இருந்தது.

அந்த ஜெபச்சங்கிலி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறாமல் ஓடியது.

உணர்ச்சி மட்டும் நூறு ஆண்டு தாங்காது. அவர்கள் நெருப்புக்கு விறகு போட்டார்கள்: ஜெபிப்பவர்கள் வாரந்தோறும் கூடி யாருக்கு என்ன தேவை என்று பேசினார்கள், பின்னாளில் தூரதேச மிஷனரிகளின் கடிதங்கள் சபையில் வாசிக்கப்பட்டன. 1731இல் கோபன்ஹேகனில் சின்சென்டார்ஃப் சந்தித்த அன்டன் என்ற கறுப்பினத்தவர், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாக இருக்கும் தம் மக்களைப் பற்றி ஹெர்ன்ஹூட்டுக்கே வந்து சொன்னார். அடுத்த ஆண்டு குயவர் டோபரும் தச்சர் நிட்ச்மனும் செயின்ட் தாமஸ் தீவுக்குப் புறப்பட்டார்கள். கைத்தொழில்தான் அவர்கள் கைமுதல்.

இந்த இடத்தில் தேடல் எதிர்பாராமல் நம் கடற்கரைக்கே திரும்பியது. சின்சென்டார்ஃபுக்கு மிஷன் ஆர்வம் மூண்டது பள்ளிப் பருவத்தில், ஹாலே நகரில். அங்கே அவர் காதில் விழுந்தவை தரங்கம்பாடிச் செய்திகள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க் எழுதி அனுப்பியவை. 1760இல் ஹெர்ன்ஹூட் சகோதரர்களே தரங்கம்பாடிக்கு வந்து, ஊருக்கு அருகில் தோட்டம் வாங்கிக் குடியேறினார்கள். நிக்கோபார் தீவுகளுக்குப் போவது அவர்கள் எண்ணம். 1768இல் போனார்கள். காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. 1787இல் அந்த ஊழியம் நின்றது. நிக்கோபார் மண்ணில் அவர்கள் குழி தோண்டிய அந்த இரவுகளிலும், ஹெர்ன்ஹூட்டில் இரண்டு மணிக்காரர் ஒருவர் எழுந்து தன் மணி நேரத்தைக் காத்துக்கொண்டிருந்தார்.