அண்ணை, வள்ளத்துக்கு வாறீங்களா?

ஞாயிற்றுக்கிழமை. டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில், யாழ்ப்பாணத்து அண்ணை வீட்டு பேஸ்மென்ட். நடுத்தரையில் ஒரு மேப்பை விரித்துப்போட்டு நாலு பேர் குப்புறப் படுத்திருந்தோம். யாராவது பார்த்தால் வங்கிக் கொள்ளைக்குத் திட்டம் போடுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்!

திட்டம் இதுதான். செப்டம்பர் கடைசியில், மேப்பிள் மரமெல்லாம் குங்குமத்தைக் கொட்டினாற்போல் சிவந்து நிற்கிற நாட்களில், அல்கோன்குவின் பூங்காவுக்குப் போய் இரண்டு ராத்திரி கூடாரத்தில் தூங்குவது. வடக்கே மூன்று மணி நேரக் கார் பயணம். பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1893-ல் ஏற்படுத்தியது. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு, அதற்குள் இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். காட்டின் உட்பகுதிக்குப் பெரும்பாலும் ரோடு கிடையாது. 'கனூ' என்கிற ஒல்லிப் படகில் துடுப்புப் போட்டுத்தான் போகவேண்டும். ஒரு ஏரி முடிந்தால் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்கவேண்டும். கனூ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்கு 295 மீட்டர். "படகு நம்மைச் சுமக்குமா, நாம படகைச் சுமக்கணுமா?" என்றார் திருச்சிக்காரர். நியாயமான கேள்வி.

அடுத்தது சாப்பாடு. டின்னுக்கும் கண்ணாடி பாட்டிலுக்கும் காட்டுக்குள் தடை. அண்ணையின் டின்மீன் போச்சு. என் ஆவக்காய் பாட்டில் போச்சு. திருச்சிக்காரர் எதுவும் சொல்லாமல் பெருமூச்சு விட்டார். அவர் மனசில் இருந்தது வேறு பாட்டில்! கருவாட்டை லிஸ்ட்டிலிருந்து அடித்தது ஆடிட்டர். கரடிக்கு மூக்கு அப்படி! மிச்ச சாப்பாட்டையும் பையில் கட்டி, தரையிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில், அடிமரத்தை விட்டுத் தள்ளித் தொங்கவிடவேண்டுமாம். "ரசப்பொடி?" என்றேன். "அதுவும் தொங்கணும்."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆடிட்டர் சும்மா இருக்காமல் புத்தகத்தை எடுத்து வாசித்தார்: "டாம் தாம்சன்னு பெரிய ஓவியர். 1917 ஜூலைல இதே கனூ ஏரில தனியா படகுல போனவர். எட்டு நாள் கழிச்சு உடம்புதான் கிடைச்சுது."

அண்ணை எழுந்து உட்கார்ந்தார். "தம்பியவை, நீங்கள் போட்டு வாங்கோ. நான் வரேல்லை."

தண்ணீருக்குப் பயம் என்று நினைத்து, "என்ன அண்ணே, ஏரிக்கே இப்படியா?" என்று சிரித்துவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

1993. ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்த காலம். குடாநாட்டை விட்டு வெளியே வர, கிளாலிக் கடல்நீரேரியை ராத்திரியில் வள்ளத்தில் கடக்கவேண்டும். நேவி சுடும். "லைட் இல்லை. பிள்ளைக்கு எட்டு மாசம். அழுதால் கேட்டுடும் எண்டு மனுசி சீலைத் தலைப்பை வாயிலை வைச்சவ. கரைக்கு வந்த பிறகுதான் எடுத்தவ. பிள்ளைக்கு மூச்சிருக்கோ எண்டு அவ பாக்கேல்லை. என்னைப் பாக்கச் சொன்னா."

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகி ஒட்டாவாவில் இருக்கிறாள். அண்ணை அதற்குப் பிறகு வள்ளம் ஏறியதில்லை.

யாரும் பேசவில்லை. ஆடிட்டர் புத்தகத்தை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பேச்சை மாற்ற, வாங்கி வந்த லைஃப் ஜாக்கெட்டுகளைப் பிரித்தேன். ஆளுக்கொன்று படகில் இருந்தாகவேண்டும் என்பது கனடா சட்டம். இருந்தால் போதாது, மாட்டியிருக்கவேண்டும் என்பது என் கட்சி. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிஷத்திலேயே மூச்சு திணறிவிடும். நீச்சல் சாம்பியனும் தப்பில்லை.

அண்ணை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்டைக்கு இது ஒண்டும் இல்லை" என்றார். பிறகு சாரத்துக்கு மேலே மாட்டி, கிளிப்பைப் போட்டார்.

டீத் தட்டோடு அக்கா இறங்கி வந்தார். ஆரஞ்சுக் கலரில் நிற்கிற புருஷனைப் பார்த்தார். தரையில் கிடந்த மேப்பைப் பார்த்தார். மேப் முழுக்க நீலம்.

"பகலிலைதானே போவியள்?" என்றார் என்னிடம்.

"பகல்லதான் அக்கா. நாலு மணிக்கெல்லாம் கூடாரம் போட்டுடுவோம். கரையோரமாவே போவோம்."

அவர் டீயை வைத்துவிட்டு மாடிக்குப் போனார். அண்ணை ஜாக்கெட்டைக் கழற்றாமலேயே உட்கார்ந்து டீயைக் குடித்தார்.

"என்னை முன்னுக்கு இருத்துங்கோ" என்றார்.