சிங்கி இறால் தாங்கும் கொடி

டிரிஸ்டன் ட குன்ஹா தீவின் கொடியை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தென் அட்லாண்டிக்கில், அடுத்த மனிதக் குடியிருப்பிலிருந்து 2,400 கிலோமீட்டர் தள்ளி, இருநூற்றுச் சொச்சம் பேர் வாழும் மண். 2002 வரை அதற்குத் தனிக்கொடி இல்லை. செயின்ட் ஹெலினா தீவின் கொடிதான் பறந்தது.

இப்போதைய கொடியின் சின்னத்தில் கேடயத்தைத் தாங்கி நிற்பவை சிங்கங்கள் அல்ல, இரண்டு சிங்கி இறால்கள். தீவுக்குச் சோறு போடுவது அந்த இறால்தான். கேடயத்தில் அல்பட்ராஸ் பறவைகள். உச்சியில் தீவுக்காரர்களின் நீள்படகு.

1961இல் எரிமலை வெடித்து மொத்த ஊரும் இங்கிலாந்துக்குப் போனது. 1963இல் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் கொடியில் அவர்களை வாழவைப்பவையே இருப்பதுதான் நியாயம்.

உங்கள் ஊருக்குக் கொடி வரைந்தால் எதை வைப்பீர்கள்?