தூசியை எண்ணும் மாளிகை

காலை வேளையிற் சாளரத்தின் வழியே வீழும் வெயிற் கற்றையிலே எண்ணிறந்த துகள்கள் மிதந்து திரிவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கூட்டி மெழுகிய வீட்டிலும் அவை இருக்கவே செய்யும். அத்துகள்களை எண்ணிக் கணக்கிட்டுக் காவல் புரியும் ஓரிடத்துக்கு இன்று வாசகர்களை அழைத்துச் செல்வோம்.

அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனுக்கு வடகிழக்கே, மேரிலாந்து மாநிலத்துக் கிறீன்பெல்ட் என்னும் ஊரில், நாசாவின் கொடார்ட் விண்வெளி நிலையம் உளது. அங்குள்ள பெருந் தூய்மை அறை 13 இலட்சம் கன அடி கொள்ளளவு உடையது. 2021 டிசெம்பர் 25இல் விண்ணேகிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பொன்முலாம் பூசிய 18 ஆடித்துண்டுகளும் பொருத்தப்பெற்றது இவ்வறையிலேதான்.

அறையின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் காற்று வடிகளால் ஆனது. 0.3 மைக்குரோன் அளவான நுண்துகள்களிற் கூட நூற்றுக்கு 99.97 பங்கை இத்தகைய வடிகள் தடுத்துவிடும். வடிந்த காற்றுச் சுழலாது, ஒரே சீராக அறையைக் கடந்து செல்கிறது. ஓடை நீர் சருகைக் கொண்டுசெல்வதுபோல, இடையில் எழும் துகளையும் அது உடன்கொண்டு போகும். இம்முறையை 1960ஆம் ஆண்டையொட்டி வகுத்தவர், நியூ மெக்சிக்கோவிலுள்ள சண்டியா ஆய்வுகூடத்து அறிஞர் வில்லிஸ் விட்பீல்ட். அதற்குமுன், வடித்து உட்செலுத்திய காற்றும் உள்ளே சுழன்று தூசியைக் கிளறிக்கொண்டேயிருந்தது. அன்றியும், அறையினுள் அழுத்தத்தைச் சற்றே மிகுத்து வைப்பர். கதவு திறந்தால் உட்காற்று வெளியேறுமேயன்றி வெளிக்காற்று உட்புகாது.

தூய்மைக்கும் வகுப்புகள் உண்டு. 1999இல் வெளியான அனைத்துலக நியமம் அவற்றை ஒன்பதாக வகுத்தது. முதலாம் வகுப்பே மிகத் தூயது. வகுப்பு ஒன்று கூடுந்தோறும் இருக்கத்தக்க துகள்கள் பத்து மடங்காகும். கொடார்ட் அறை ஏழாம் வகுப்பினது. அங்கே ஒரு கனமீற்றர் காற்றில் அரை மைக்குரோனும் அதற்கு மேற்பட்டனவுமான துகள்கள் 352,000ஐத் தாண்டலாகாது. இது பெருந்தொகையாகத் தோன்றலாம். ஒன்பதாம் வகுப்பிலோ இதனினும் நூறு மடங்குக்கு இடமுண்டு.

இத்தகைய அறைக்கு மிகப் பெரும் பகை யார்? மனிதனே! நம் தோலும் மயிரும் ஆடையும் ஓயாது துகள் உதிர்க்கின்றன. ஆகவே உட்செல்வோர் தலைமுதல் அடிவரை வெள்ளுடையால் மூடி, முகத்திரையும் கையுறையும் அணிவர். முகப்பூச்சும் வாசனைத் திரவியமும் அங்கே விலக்கு.

இத்தனை கண்டிப்பு எதற்கு? ஹபிள் தொலைநோக்கி பழுதுற்றபோது விண்வெளி வீரர் சென்று திருத்தினர். வெப் நிற்பதோ பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில். அதன் ஆடியிலே தூசி படிந்திருப்பின், அண்டத்தின் எல்லையிலிருந்து வரும் மங்கிய ஒளி சிதறிப்போகும். சென்று துடைத்துவர எவராலும் இயலாது. தொலைநோக்கி 2017இல் கிறீன்பெல்ட்டை விட்டுப் புறப்பட்டது. அது இன்று அனுப்பும் தெளிந்த படங்களை மாணவர்கள் காணும்போது, அங்கே முகமும் தெரியாமல் உழைத்த அந்த வெள்ளுடையாரையும் எண்ணிக்கொள்வார்களாக.