பத்தாவது புத்தகம்

நெடுங்கதைகளில் நாட்டமுள்ள இருவர் சந்தித்து, அமெரிக்க ஆசிரியர் ராபர்ட் ஜோர்டானின் ‘தி வீல் ஆஃப் டைம்’ என்னும் மாயாலோகக் காவியத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சிறிது நேரத்தில் பத்தாவது புத்தகத்தில் வந்து நின்றுவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். 1990-ல் தொடங்கி 2013-ல் நிறைவெய்திய இந்த வரிசையில் 14 பெரும் புத்தகங்களும் முன்கதை ஒன்றும் உண்டு. சொற்களின் எண்ணிக்கை 40 லட்சத்துக்கும் மேல். இவ்வளவையும் படித்து முடித்தவர்களுக்கு இதன்மேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் அவர்களேதான், 2003 ஜனவரியில் வெளிவந்த ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’ என்ற அந்தப் பத்தாவது புத்தகத்தின் பெயரை எடுத்ததும் முகம் வாடிப்போகிறார்கள். இந்த மனத்தாங்கலும் அந்தப் பிரியமும் ஒரே ஊற்றிலிருந்து சுரப்பவை என்பது என் அபிப்பிராயம்.

மனத்தாங்கலுக்கு நியாயமான காரணம் உண்டு. ஜோர்டான் சிருஷ்டித்த உலகத்தை இயக்கும் மகாசக்தி, ஆண்பாதி பெண்பாதி என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பெரும் போரில் ஆண்பாதியின் மீது தீமையின் களங்கம் படிந்துவிட்டதால், அதைக் கையாளும் ஆண்மகன் எவனாயினும் நாளடைவில் சித்தம் கலங்கி, தனக்கு வேண்டியவர்களையே கொன்று மடிகிறான். ஆகவே ஏஸ் செடாய் எனப்படும் பெண்களே அந்த வித்தையின் காவலர்களாக நின்று அரசர்களையும் ஆட்டிவைக்கிறார்கள். உலகத்தைக் காக்கப் பிறந்தவன் என்று தீர்க்கதரிசனங்கள் அடையாளம் காட்டும் ராண்ட் அல்தோர் என்ற கிராமத்து இளைஞன், அந்த ஆண்பாதியைத்தான் கையாள வேண்டியவனாக இருக்கிறான். வெற்றி கிட்டுவதற்கு முன் புத்தி பேதலித்துவிடுமோ என்ற பயம் அவனோடு நிழலாக நடக்கிறது. ஒன்பதாவது புத்தகத்தின் இறுதியில், அவனும் நைநீவ் என்ற மருத்துவப் பெண்ணும் சேர்ந்து, எதிரிகள் சூழ்ந்து தாக்கும் வேளையில், யுகயுகமாகப் படிந்திருந்த அந்தக் களங்கத்தையே கழுவிவிடுகிறார்கள். கதையின் அஸ்திவாரத்தையே மாற்றிவிட்ட அந்தச் சம்பவத்துக்கு அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று வாசகர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள்.

காத்திருந்து பெற்ற புத்தகத்தில் அடுத்தது என்று ஒன்று அநேகமாக நடக்கவே இல்லை. அந்தப் பெருஞ்செயல் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், தொலைதூரத்தில் இருந்த மற்றவர்கள், அடிவானத்தில் ஏதோ மகத்தான சக்தி பிரயோகிக்கப்படுவதை உணர்ந்து, அது என்னவென்று தெரியாமல் திகைத்து நின்றதையே ஜோர்டான் நூற்றுக்கணக்கான பக்கங்களில் விஸ்தரிக்கிறார். ராண்டின் நண்பன் பெரின், சிறைபிடிக்கப்பட்ட மனைவியைத் தேடிப் பனியில் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறான். இளவரசி எலேன் சிம்மாசனத்துக்காகப் பிரபுக்களின் ஆதரவைக் கணக்குப் பார்ப்பதும் நீராடுவதுமாக இருக்கிறாள். ஏஸ் செடாய்களின் தலைமையிடமான வெள்ளைக் கோபுரத்தை முற்றுகையிட்டிருக்கும் எக்வேன் கூடாரத்தில் சபை நடத்துகிறாள். கதாநாயகனோ சொற்பப் பக்கங்களில் தலைகாட்டி மறைந்துவிடுகிறான்.

இதோடு சில்லறைக் குறைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நைநீவ் கோபம் வரும்போதெல்லாம் தன் பின்னலைப் பிடித்து இழுக்கிறாள்; அவளுக்குக் கோபம் வராத அத்தியாயம் குறைவு. ஆண்கள் யாவரும் பெண்களைப் புரிந்துகொள்ளவே முடியாது என்றும், பெண்கள் யாவரும் ஆண்களின் தலைக்குள் கம்பளிதான் அடைத்திருக்கிறது என்றும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உடைகளின் துணி, நிறம், சரிகை வேலைப்பாடு ஆகியவற்றின் வர்ணனை சில இடங்களில் கதையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ராண்டை மூன்று பெண்கள் ஒருங்கே நேசிப்பதும், அதற்கு மூவருமே இணங்கிப்போவதும் எனக்கு இன்றுவரை மனத்துக்கு ஒவ்வாத பகுதி. இவற்றையெல்லாம் குறை என்று ஒப்புக்கொள்ளாதவர்களை நான் சந்தித்ததில்லை. ஆனால் இதே குறைகளை, முதல் புத்தகத்தைக்கூடத் தொடாத ஒருவர் எடுத்துச் சொல்லட்டும். குடும்பத்துப் பெரியவரைப் பற்றி அயலார் குறைகூறக் கேட்டதுபோல, அந்த வாசகர்கள் அத்தனை பேரும் சீறி எழுவார்கள்.

காலதாமதம் என்ற குற்றச்சாட்டை மட்டும் சற்று நின்று ஆராய வேண்டும். பெரினின் மனைவி சிறைப்படுவது 1998-ல் வெளிவந்த எட்டாவது புத்தகத்தில். மீட்கப்படுவது 2005-ல் வந்த பதினோராவது புத்தகத்தில். கதைக்குள் சில மாதங்களில் முடிந்துபோகும் விஷயம், அச்சில் வர வர வாங்கிப் படித்தவர்களுக்கு ஏழு ஆண்டுகள் நீடித்தது. பள்ளியில் படிக்கும்போது அவள் சிறைப்பட்டதைப் படித்தவர், உத்தியோகத்தில் அமர்ந்த பிறகே அவள் மீண்டதைப் படித்திருப்பார். அவருக்கு எழுந்த கோபம் முற்றிலும் நியாயமானது. எல்லாப் புத்தகங்களும் முற்றுப்பெற்று அலமாரியில் வரிசையாக நிற்கும் காலத்தில் படிக்கத் தொடங்கியவருக்கோ, பத்தாவது புத்தகம் இரண்டு வாரச் சோர்வு. அதற்கப்பால் பதினோராவது கையருகே காத்திருக்கிறது. இவ்விரு சாராரும் ஒரே நூலைப் பற்றி வாதாடுவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் தத்தம் ஆயுளில் அந்த நூல் எடுத்துக்கொண்ட பங்கைப் பற்றியே வாதாடுகிறார்கள்.

ஜோர்டான் ஏன் இப்படி எழுதினார் என்று யோசிக்கும்போது, அவருடைய வாழ்க்கையை எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி என்ற இயற்பெயருடைய அவர் 1948-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். வியட்நாம் யுத்தத்தில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி வீரராக இரண்டு முறை பணிபுரிந்தவர். திரும்பி வந்து பௌதிகம் பயின்று, அமெரிக்கக் கடற்படைக்காக அணுசக்திப் பொறியாளராக வேலைபார்த்தவர். போர்க்களத்தில் நின்ற ஒருவருக்கு, மகத்தான சம்பவம் என்பது வெற்றிவீரன் ஒருவன் மட்டும் அறிந்த விஷயமல்ல. அதைச் சுற்றி ஆயிரம் பேர், நடந்தது என்னவென்று தெரியாமல், பாதிச் செய்தியையும் முழு வதந்தியையும் நம்பி முடிவெடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது தெரிந்திருக்கும். அவருடைய பாத்திரங்களில் ஒருவருக்கும் முழு உண்மை தெரியாது. ஒரு செய்தி ராஜ்யம் விட்டு ராஜ்யம் போய்ச் சேரும்போது வேறொன்றாக மாறியிருக்கும். பத்தாவது புத்தகம் அந்த நோக்கின் எல்லையைத் தாண்டிப்போன புத்தகம். அங்கே சுவையை விட்டுவிட்டார், நோக்கை விடவில்லை.

அந்த நோக்கின் பலம் எத்தகையது என்பதற்கு ஒரு சிறு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன். ராண்ட், தன் பொருட்டு உயிர்விட்ட பெண்களின் பெயர்களை ஒரு பட்டியலாக மனத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கிறான். தனிமை கிடைக்கும்போதெல்லாம் மந்திரம் ஜபிப்பதுபோல் அவற்றை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறான். முகம் தெரியாத, பெயரை மட்டுமே விசாரித்து அறிந்த பெண்களும் அதில் உண்டு. புத்தகத்துக்குப் புத்தகம் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போவதையும், அதைச் சொல்லுகிறவனின் நெஞ்சு இறுகிக்கொண்டே போவதையும் ஆயிரக்கணக்கான பக்கங்களில் கூடவே நடந்து பார்த்தவருக்கு, அவன் பின்னால் அடைகிற கல்மனம் ஆசிரியர் சொன்னதால் நம்புகிற செய்தியாக இராது. கண்ணெதிரே நேர்ந்த துக்கமாக இருக்கும். மூன்று புத்தகங்களில் சுருக்கிச் சொல்லியிருந்தால் இது கைகூடியிராது.

2006-ல், இதயத்தைத் தாக்கும் அமிலாய்டோசிஸ் என்னும் அபூர்வ வியாதி தமக்கு வந்திருப்பதை ஜோர்டான் பகிரங்கமாகத் தெரிவித்தார். கதையை முடிக்காமல் போய்விடக்கூடாது என்ற உறுதியோடு, படுக்கையில் கிடந்த கடைசி வாரங்களில், எழுதாத பகுதிகளை வீட்டாரிடம் வாய்மொழியாகச் சொல்லிப் பதிவுசெய்ய வைத்தார். 2007 செப்டம்பர் 16 அன்று காலமானார். தொடக்கமுதல் அவருடைய புத்தகங்களைச் செப்பனிட்டு வந்தவர் அவர் மனைவி ஹாரியட் மெக்டூகல். அவர், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஜோர்டானுக்கு எழுதிய அஞ்சலியைப் படித்து, சாண்டர்சனின் நாவல் ஒன்றையும் வாசித்துப் பார்த்து, எஞ்சிய கதையை அவரிடமே ஒப்படைத்தார். நம் தமிழ் வாசகர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1954-ல் கல்கி மறைந்தபோது பாதியில் நின்ற ‘அமரதாரா’வை, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்துவைத்தார்.

ஒரே புத்தகமாக ஜோர்டான் எண்ணியிருந்த முடிவு, சாண்டர்சன் கையில் மூன்றாக வளர்ந்து 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. இங்கும் வாசகர் மனம் இரண்டுபட்டது. நடை வேகம் கொண்டது. ஆண்டுக்கணக்கில் தேங்கி நின்ற சிக்கல்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவிழ்ந்தன. ஆனால் மாட் என்ற குறும்புக்கார சூதாடியின் பேச்சில் இருந்த இயல்பான நகைச்சுவை, வலிந்து செய்த விகடமாக மாறிவிட்டது என்று பலர் வருந்தினார்கள், நானும் வருந்தினேன். இருந்தாலும், பன்னிரண்டாவது புத்தகத்தின் முடிவில், முற்பிறவியில் மனைவி மக்களைத் தன் கையாலேயே கொன்ற குற்றத்தால் தன்னை மாய்த்துக்கொண்ட அதே மலையுச்சியில் ராண்ட் தனியே நின்று, உலகத்தையே அழித்துவிடலாமா என்று எண்ணி, மனிதர் மீண்டும் மீண்டும் பிறப்பது எதற்காக என்ற கேள்விக்குத் தனக்குள்ளேயே விடை காணும் இடத்தைப் படித்தபோது, எழுதியவர் யார் என்ற எண்ணமே என் மனத்தில் எழவில்லை.

கடைசிப் புத்தகத்தில், இறுதிப் போரை மட்டும் சொல்லும் ஒரே அத்தியாயம் ஏறக்குறைய 200 பக்கங்களுக்கு விரிகிறது. நடுப் புத்தகங்களில் எதற்காக இவர்களைப் பற்றி இத்தனை பக்கங்கள் என்று நாம் அலுத்துக்கொண்ட மனிதர்களே அங்கே ஒருவர்பின் ஒருவராக விழுகிறார்கள்; முதல் புத்தகத்தில் கிராமத்து வண்டியை இழுத்து வந்த பேலா என்ற பெட்டைக் குதிரை வீழும்போதுகூடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் போருக்குப் பின் வரும் கடைசிக் காட்சி ஜோர்டான் தாமே முன்கூட்டி எழுதி வைத்துவிட்டுப் போனது.

எட்டாவது புத்தகத்தோடு நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு வழக்கில்லை. புதிதாகத் தொடங்க எண்ணி, பத்தாவதைத் தாண்டிக் குதித்து அடுத்ததற்குப் போய்விடலாமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு மட்டும், கூடாது என்றே சொல்லிவருகிறேன். எக்வேன் துறைமுகத்தில் எதிரிகளிடம் பிடிபடுவது அந்தப் புத்தகத்தின் இறுதியில்தான். அவள் சிறையிருந்தபடியே வெள்ளைக் கோபுரத்தை உள்ளிருந்து வென்றெடுக்கும் பகுதி, இந்த வரிசை முழுவதிலும் மிகச் சிறந்தது என்று நான் கருதுவது. கூடாரத்துச் சபைகளில் அவள் பொறுமையாகக் கற்றுக்கொண்டது என்ன என்று தெரியாதவருக்கு அந்த வெற்றியில் பாதிதான் கிடைக்கும்.