நாலு நிமிசத்துல பதினோரு தடவை



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். எம்.எஸ்.டபிள்யூ. முதல் வருசம் சேர்ந்திருக்கிறாள். "சார், களப்பணி ஆரம்பிக்கப் போகுது. வீடு வீடா போகணும். எப்படிப் பேசணும்னு பயமா இருக்கு. நீங்க முப்பது வருசத்துக்கு மேல பேசினவரு, சொல்லிக்குடுங்க."

அவளுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே போடுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

1993 என்று நினைவு. கம்பத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வேலை. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரி. தீபாவளிக்கு அப்புறம் வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே அவள் அம்மாவைப் பிடித்துக் கத்தினேன். "ஏன் பிள்ளைய அனுப்பல? நீங்கல்லாம் எதுக்குப் பிள்ளை பெத்தீங்க?" தெருவே வேடிக்கை பார்த்தது. அந்த அம்மா தலை குனிந்து நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. கடமையைச் செய்துவிட்ட நினைப்பில் வண்டியைத் திருப்பினேன்.

அந்தப் பிள்ளை அதற்கப்புறம் பள்ளிக்கூடம் வரவே இல்லை.

பல வருசம் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவள் அப்பத்தாவைப் பார்த்தேன். "சாரு, அவ அம்மா விடியுமுன்னே சீப்புல ஏலக்காட்டுக்குப் போயிருவா. கைப்புள்ளைய யாரு பாக்குறது? அதான் பெரியவள நிப்பாட்டுனோம். நீங்க வந்து சத்தம் போட்ட பெறகு எந்த மொகத்த வச்சுக்கிட்டு அனுப்புறதுன்னு விட்டுட்டோம்."

நம் பக்கத்துப் பெண்கள் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் மலையேறி வேலைக்குப் போவது நான் பிறந்து வளர்ந்து பார்த்த காட்சி. கைக்குழந்தைதான் காரணம் என்று தெரிந்திருந்தால் பால்வாடியில் பேசியிருக்கலாம். தம்பியையும் வகுப்பில் ஒரு ஓரமாக உட்கார வைத்திருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? நான் கேட்கவில்லை. 'ஏன்' என்று ஆரம்பித்தேனே தவிர, அது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தொண்டு நிறுவனம் தன்னார்வலராகக் கூப்பிட்டது. இரண்டு நாள் பயிற்சி. பயிற்சி கொடுக்க வந்தவள் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள்! ஒருவர் தாயாகவும் ஒருவர் பணியாளராகவும் நடித்துப் பேச வேண்டும். நான் பேசி முடித்ததும் நோட்டைப் பார்த்துச் சிரித்தாள். "சார், நாலு நிமிசத்துல நீங்க பதினோரு தடவை பேசினீங்க. அந்தம்மா ரெண்டு தடவை. அதுல ஒண்ணு 'சரிங்க சார்'."

அன்றைக்குத்தான் நான் மாணவனானேன்.

அவள் எங்களுக்கு ஃபீலிக்ஸ் பீஸ்டெக் என்பவரைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்கப் பாதிரியார். உதவி தேடி வருபவரோடு சமூகப் பணியாளருக்கு இருக்க வேண்டிய உறவைப் பற்றி 1957இல் எழுதியவர். ஏழு கொள்கைகள். ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, மனதில் இருப்பதைக் கொட்ட விடுவது, நாமும் உருகி மூழ்கிவிடாமல் அளவோடு உணர்வது, உள்ளபடி ஏற்றுக்கொள்வது, தீர்ப்புச் சொல்லாதிருப்பது, முடிவை அவர்கள் கையில் விடுவது, ரகசியம் காப்பது. ஏழில் எத்தனையை அந்த வாசலில் மீறினேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை வேண்டாம்.

பிறகு அவளோடு ஒரு வீட்டுக்குப் போனேன். (அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.) அங்கேயும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நின்றுவிட்டது. பகலில் போனால் வீட்டில் ஆள் இருக்காது என்று ஞாயிற்றுக்கிழமை போனோம். "வண்டிய தெருமுனையிலேயே நிறுத்துங்க சார். வாசல்ல நிறுத்துனா ஊரே என்னன்னு கேக்கும்" என்றாள். ரகசியம் காப்பது வண்டி நிறுத்தும் இடத்திலேயே தொடங்குகிறது.

அந்த அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தானும் ரெண்டு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தாள். ஜெரார்ட் ஈகன் என்ற அமெரிக்கர் 1975இல் எழுதிய புத்தகத்தில், எதிரே நேராக உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்கிறார். நல்ல பாடம்தான். ஆனால் நம் ஊரில் முன்பின் தெரியாதவர் எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் விசாரணைக்கு வந்த மாதிரி இருக்கும். மொச்சையைப் பார்த்துப் பேசுவது சுலபம்.

அவள் கேட்ட முதல் கேள்வி: "காலையில எத்தன மணிக்குத்தா எந்திரிப்பீங்க?"

அந்த அம்மா சொல்ல ஆரம்பித்தார். சமையல், ஜீப், கங்காணி, கால்வலி. நடுவில் நிறுத்திவிட்டார். ஒரு நிமிடம் மௌனம். எனக்கு வாய் துறுதுறுத்தது, அறிவுரை தயாராக இருந்தது. இவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அடக்கிக்கொண்டேன். அப்புறம் வந்தது: "அட்வான்சு வாங்கிட்டோம்மா. கழிக்கணும்னா அவளும் வரணும்."

மௌனத்தை நான் உடைத்திருந்தால் அந்த வார்த்தை வெளியே வந்திருக்காது.

"இப்ப என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள். வழியை அந்த அம்மாவே சொன்னார்: தம்பியிடம் கைமாற்று வாங்குவது, கங்காணியிடம் தவணை கேட்பது. எங்களுக்கு மிஞ்சிய வேலை, பள்ளியில் பேசியது மட்டும்தான். பிள்ளை திரும்ப வந்தது. முதலில் விட்டுவிட்டு, பிறகு ஒழுங்காக.

களப்பணிக்குப் போகும் என் மகளுக்கு இன்னும் ஒன்று. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எந்தக் குழந்தைக்கும் சத்தியம் செய்துவிடாதே. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைத் திருமணம் என்றாலும் சும்மா இருக்க முடியாது. 1098க்குப் பேசு, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். ஆனால் அந்த எல்லையை முதலிலேயே சொல்லிவிடு: "உன் பாதுகாப்புக்கு ஆபத்துன்னா மட்டும் பெரியவங்ககிட்ட சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லுவேன்." நம்ப வைத்துவிட்டுப் பிறகு சொன்னால், அந்தப் பிள்ளை வேறு யாரிடமும் வாய் திறக்காது.

வீட்டுக்கு வந்ததும் பேசியதை அப்படியே எழுதி வை. நீ எத்தனை தடவை பேசினாய், அவர்கள் எத்தனை தடவை என்று எண்ணு. எனக்கு அந்தக் கணக்கு அறுபது வயசில்தான் வந்தது.

கடைசியாக, 1993இல் எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்கு படித்த அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை. இது அவள் கண்ணில் பட்டால்: அன்றைக்கு உன் அம்மாவிடம் நான் பேசியது தப்பு, தாயி. உங்களில் யாருக்காவது அவள் யாரென்று தெரிந்தால், கமெண்டில் பெயர் போட வேண்டாம். அவளிடம் மட்டும் சொல்லுங்கள், சார் மன்னிப்புக் கேட்டார் என்று.